மந்திரித்த லேப்டாப்

எங்கள் பங்குச் சாமியார் சவுரிராயன் சாமி தெளித்த தீர்த்தம் பட்டுத்தான் என் லேப்டாப் கெட்டுப்போனது என்று திண்டிவனத்தில் எங்கள் மாதா கோயில் சனம் முழுவதும் நம்பியது. இன்றைக்கும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, நானே நம்பினேன். ஒரு தவக்காலம் முழுவதும் நம்பி அழுதேன். அதை நினைத்தால்தான் இன்னமும் வயிறு எரிகிறது.

என் பெயர் எலிசா. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாசிலாமணி அண்ணன் நடத்தும் டி.டி.பி. கடையில் தமிழ் டைப் அடிப்பவள். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று ஊரில் நடக்கும் நல்ல காரியமெல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். விழுப்புரத்தில் பள்ளிக்கூட நோட்ஸ் போடும் அச்சகக்காரர் ஒருவர், "உன் வீட்ல ஒரு மெஷின் மட்டும் இருந்தா வருஷம் பூரா வேலை குடுத்துக்கினே இருப்பேன்மா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வார். என் வீட்டில், என் நேரத்துக்கு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆசை. கை வேகம் இருந்தது, மெஷின் இல்லை.

அப்பா அருள்நாதன் சாகும்போது பெருமுக்கல் ரோட்டில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை போடும் கொல்லை நிலம் ஒன்றை விட்டுப் போனார். பிள்ளைகள் நானும் என் அண்ணன் இருதயராஜும்தான். சட்டப்படி எனக்கும் பங்கு உண்டு. எங்கள் பக்கத்தில் சட்டத்தை யார் கேட்டார்கள்? அண்ணன் கொல்லையை விற்கவோ மனை போடவோ நினைத்தால், தங்கை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பதிலுக்கு அவன் சீர் என்று ஏதாவது செய்வான். இந்துவோ கிறிஸ்தவரோ, இந்த விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒரே மதம். கையெழுத்துப் போட மாட்டேன் என்பவளுக்கு அன்றோடு பிறந்த வீடு இல்லை. அம்மா தன் பங்கை முன்பே மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பாக்கி நான்தான்.

நானும் போட மாட்டேன் என்று சொல்லவில்லை. என்ன சீர் வேண்டும் என்று அண்ணன் கேட்டபோது, பட்டுப் புடவை என்று சொல்லாமல் கம்ப்யூட்டர் என்று சொன்னேன். அவன் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையில் இருந்தான். கம்ப்யூட்டர் என்றால் அவனைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எழுதாத விதி.

"புதுசு எதுக்கு எலிசா? என் லேப்டாப்பையே தர்றேன். நல்ல கண்டிஷன்ல இருக்குது. நான் வேற வாங்கிக்கிறேன்" என்றான்.

அவன் தொட்டு உழைத்த பொருளையே தருகிறான் என்று எனக்குப் பெருமை. பழசு என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை.

2009 பிப்ரவரியில், லூர்து மாதா திருநாளன்று, வாடகைக் காரில் வந்தான். அண்ணி ஜாக்குலின் பலகாரப் பையோடு முன்னால் இறங்கினாள். அண்ணன் இறங்கிய விதத்தைத் தெருவே வேடிக்கை பார்த்தது. லேப்டாப்பை மூடவே இல்லை. சென்னையிலிருந்து திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திப் படியேறினான். வாங்கப் போன என் வீட்டுக்காரர் வளனைத் தொட விடவில்லை.

"தங்கச்சிக்குக் குடுக்கிற பொருள எப்பிடிக் கொண்டாறான் பாரு" என்று அம்மா பக்கத்து வீட்டு லூர்துமேரி அக்காவிடம் சொன்னாள். அம்மா சூசை மேரி அப்போது என்னோடுதான் இருந்தாள். அவளுக்குச் சோறு போட்டதும் கால் பிடித்துவிட்டதும் நான். அவள் வாயில் வந்ததெல்லாம் மகன் பேர்.

அண்ணன் லேப்டாப்பை மேசைமேல் வைத்து பட்டனை அழுத்தினான். நீல வானமும் பச்சை மேடும் தெரிந்தன. ஓரத்தில் சின்னச் சின்னப் படங்கள் வரிசை கட்டி நின்றன. இனி மாசிலாமணி அண்ணன் கடையில் ஃபேன் இல்லாத மூலையில் உட்கார்ந்து வேக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன்.

திருநாள் சாப்பாட்டுக்கு சவுரிராயன் சாமி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எங்கள் சனம் புது வண்டி வாங்கினாலும், தையல் மெஷின் வாங்கினாலும், போர்க்கிணறு போட்டாலும் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்காமல் வேலை தொடங்காது. எனக்கு மட்டும் அந்த ஆசை இருக்காதா?

"சாமி, இதையும் மந்திரிச்சுக் குடுங்க சாமி" என்றேன்.

"வேணாம் எலிசா. எலக்ட்ரானிக் ஐட்டம்" என்றான் அண்ணன்.

"ரெண்டு சொட்டு தாண்ணா. ஒண்ணும் ஆவாது."

சாமி நாற்காலியில் இருந்து எழுந்து வந்தார். அவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று நான் திரையைப் பிடித்துச் சற்றுப் பின்னால் சாய்த்து அவர் பக்கம் திருப்பினேன். அவர் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். எழுத்துப் பலகையில் சில சொட்டு விழுந்தது. நாங்கள் ஆமென் சொல்லி வாயை மூடுவதற்குள் திரை கறுத்துவிட்டது.

"ஐயோ, தண்ணி உள்ள போயிடுச்சே" என்று கத்தியது நான்தான். வேறு யாருமில்லை.

சாமியின் முகம் வெளுத்துவிட்டது. அங்கியின் கையாலேயே துடைக்க வந்தார். அண்ணன் மட்டும் பதறவில்லை. திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றான் மெதுவாக. பிறகு என் தலையில் கை வைத்து, "பரவால்ல வுடு. குடுத்தது குடுத்ததுதான். ரிப்பேர் பண்ணிக்கலாம்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் அவன் எல்லோர் கண்ணிலும் உயர்ந்துவிட்டான். வந்திருந்த உறவெல்லாம், இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று சொல்லிக்கொண்டே பிரியாணி சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து நான் அந்த லேப்டாப்போடு மல்லுக்கட்ட ஆரம்பித்தேன். யாரோ சொன்னார்கள் என்று அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன், அரிசி ஈரத்தை இழுத்துவிடுமாம். அந்த வாரம் முழுக்க சோற்றில் பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது என்று வளன் முகம் சுளித்தார். மொட்டை மாடியில் மல்லாட்டை காயும் பாயிலேயே ஓர் ஓரத்தில் அதையும் வெயில் காட்டினேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு பட்டனை அழுத்திப் பிடித்தேன். வெளிச்சம் கூட்டும் விசையைத் தேய்த்தே அழித்தேன். திரை அசையவில்லை.

ஆனால் பட்டனைப் போட்டால் உள்ளே காற்றாடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் வருகிற அந்த இசையும் கேட்டது. உயிர் இருக்கிறது, முகம்தான் இல்லை. ஒரு நாள் டார்ச் அடித்துத் திரையை உற்றுப் பார்த்தேன். நீல வானமும் பச்சை மேடும் மங்கலாக உள்ளேயே இருந்தன. சின்னப் படங்கள்கூட அதே வரிசையில் நின்றன. படம் வந்துகொண்டுதான் இருக்கிறது, பின்னால் எரியவேண்டிய விளக்குதான் எரியவில்லை.

கடைக்கு எடுத்துப்போய் மாசிலாமணி அண்ணனின் மானிட்டரில் வயரை மாட்டினேன். அதில் பளிச்சென்று எல்லாம் தெரிந்தது. "கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்குதும்மா. ஸ்க்ரீன்தான் பூடுச்சு" என்றார் அவர். "தண்ணி கீபோர்டுலதானே வுழுந்துது? ஸ்க்ரீன் ஏன் போச்சு?" என்று தலையைச் சொறிந்தார். எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. ஆனால் குற்றவாளி நான் என்று முடிவு கட்டிவிட்ட பிறகு கேள்வியை யார் துரத்திக்கொண்டு போவார்கள்?

சென்னைக்கு, என் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

"எத்தினியோ தபா பண்ணிட்டேண்ணா. மானிட்டர்ல மாட்டினா வருது. இதுல வர மாட்டேங்குது."

"தண்ணி பட்டா எலக்ட்ரானிக் ஐட்டம் அப்பிடித்தான் எலிசா. அதப் போட்டு ஒழப்பிக்கினு இருக்காத. ஈஸ்டர் முடிஞ்சதும் வர்றேன், ரிஜிஸ்டர் வேலைய முடிச்சுடுவோம்."

"சரிண்ணா" என்றேன். வேறு என்ன சொல்வது? ஆசையாகக் கொடுத்த பொருளை அவன் தடுத்தும் கேட்காமல் பாழாக்கியவள் நான். இனி இன்னொரு கம்ப்யூட்டர் கேட்கவும் வாய் கிடையாது, கையெழுத்தை இழுத்தடிக்கவும் முகம் கிடையாது.

அம்மா ஒரு பக்கம் அரைத்துக்கொண்டே இருந்தாள். "பெரும புடிச்சவ. நாலு பேருக்குக் காட்டணும்னு சாமியக் கூப்பிட்டா, ஆண்டவரு நல்லாக் காட்டினாரு." ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. அம்மா சொன்னது சரிதான் என்று எனக்கே பட்டது. வெள்ளிக்கிழமைதோறும் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்திலும் போய் இதைச் சொன்னேன். கம்பிச் சல்லடைக்கு அந்தப் பக்கம் சவுரிராயன் சாமி பெருமூச்சு விட்டார்.

"அது உன் பாவம் இல்ல எலிசா. என் கைதான் ஜாஸ்தி தெளிச்சுடுச்சு" என்றார்.

ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். வரிசையில் நின்றவர்கள் நான் என்ன பெரிய பாவம் செய்துவிட்டேனோ என்று பார்த்தார்கள்.

பாவம், அவர்தான் எங்கே போனாலும் கேலிக்கு ஆளானார். ஒருவர் புது டிவியை மந்திரிக்கக் கூப்பிட்டாராம். வாசலிலேயே நின்று ஜெபம் சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். கோயில் மைக் கரகரத்தால்கூட, "சாமி கிட்டப் போயிருப்பாரு" என்று பின்வரிசையில் சிரித்தார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அதன்பிறகு தீர்த்தம் தெளிக்கும்போது அவர் கை தயங்குவதை நான் பார்த்தேன். அதுவும் என்னால்தானே என்று எனக்கு வேதனையாக இருந்தது.

ஈஸ்டர் முடிந்த வாரம் விழுப்புரம் போனேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் தேவநாதன் என்பவர் லேப்டாப் ரிப்பேர் பார்க்கிறார் என்று அச்சகக்காரர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, விக்கிரவாண்டி தாண்டும்வரை எனக்குத் தெரிந்த ஜெபத்தையெல்லாம் சொன்னேன். அண்ணன் பத்திரம் எழுத வருவதற்குள் இதைச் சரிசெய்துவிட வேண்டும். நீ கொடுத்தது வீணாகவில்லை அண்ணா என்று காட்டிவிட்டுச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட வேண்டும். நினைத்தது அவ்வளவுதான்.

தேவநாதன் லேப்டாப்பைக் கழற்றி விளக்கடியில் வைத்துப் பார்த்தார். தீர்த்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"தண்ணி போவலக்கா. போயிருந்தா உள்ள கறை கட்டியிருக்கும், பச்சை பூத்திருக்கும். இது சுத்தமா இருக்குது. லைட்டுக்குப் போற கனெக்‌ஷன் லூசு. ஆட்டினா எரியும், ஆட்டினா அணையும். இது நேத்து இன்னிக்கு வந்த கோளாறு இல்ல."

"எப்பத்துலேர்ந்து இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? ரொம்ப நாளாவே இருக்கும். ஓல்டு மாடலுக்கா, இதுக்குப் பார்ட்டு கெடைக்கிறது பேஜாரு." அவர் மூடித் திருகிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். தண்ணீர் இல்லை என்பது ஒரு பக்கம் சந்தோஷம். ரொம்ப நாளாக என்பது ஒரு பக்கம் குடைச்சல். பையிலிருந்து எடுத்து வெயிலில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். திரையின் இடது ஓரச் சட்டத்தில், கீழே கீலுக்குச் சற்று மேலே, பிளாஸ்டிக்கில் கோடு கோடாக ஒரு தடம் இருந்தது. ஏதோ கடித்துப் பிடித்த பல் தடம். மூடியைத் திருப்பினேன். பின்பக்கமும் அதே இடத்தில், நேருக்கு நேர், அதே தடம். அதுவரை எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொடிக்குப் போனேன். ஈரப் பாவாடையிலிருந்து ஒரு துணிக் கிளிப்பை உருவிக்கொண்டு வந்தேன். லேப்டாப்பைப் போட்டேன், கறுப்பு. இசை வந்தது. கிளிப்பை அந்தத் தடத்தின்மேல் வைத்துக் கடிக்க விட்டேன்.

திரை பளிச்சென்று எரிந்தது. நீல வானம், பச்சை மேடு. மூடியை முன்னால் சாய்த்தேன், பின்னால் சாய்த்தேன், அணையவில்லை. கிளிப்பை எடுத்தேன், அணைந்தது. போட்டேன், எரிந்தது. கிளிப்பின் பல் அந்தத் தடத்தில் அப்படியே உட்கார்ந்தது.

கிளிப்போடுதான் அவன் இதை வைத்திருந்திருக்கிறான். எனக்குக் கொடுக்கும்போது கழற்றிவிட்டான். எரியும்படி ஒரு சாய்மானம் பார்த்து நிறுத்தி, அது கலையாமல் இருக்கச் சென்னையிலிருந்து மடியில் ஏந்திக்கொண்டு வந்திருக்கிறான். நான்தான் அதைப் பாசம் என்று நினைத்தேன். நான் திரையைத் தொட்டுச் சாய்த்ததில் அந்தச் சாய்மானம் கலைந்து, கொஞ்ச நேரத்தில் அணைந்தது. தண்ணீர் அந்த நேரம் பார்த்து வந்து பழியை வாங்கிக்கொண்டது.

நேரே சாமி வீட்டுக்குப் போனேன். கிளிப்பைப் போட்டும் எடுத்தும் காட்டினேன். சவுரிராயன் சாமி குழந்தை மாதிரி அவரே ஒரு தரம் போட்டுப் பார்த்தார். அவர் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"ஞாயித்துக்கிழமை பூசையில இத சொல்லட்டுமா எலிசா? சும்மா தமாஷா" என்று கேட்டார்.

"வேணாம் சாமி. பத்திரம் முடியட்டுங்க. அண்ணனுக்கு அசிங்கமாப் போயிடும். அவனே உங்ககிட்ட வந்து சொல்லுவான் பாருங்க."

நானாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அண்ணனே சொல்வான் என்றுதான் நான் நம்பினேன். காட்டினால் வெட்கப்படுவான். தெரிந்துதான் கொடுத்தேன், தப்புதான் எலிசா என்று ஒரு வார்த்தை சொல்வான். சொன்னால் அப்போதே கையெழுத்துப் போட்டுவிடுவேன். கிளிப் போட்ட லேப்டாப்பிலேயே காலம் முழுக்க டைப் அடிக்கவும் தயார். கொல்லையில் எனக்கு ஆசையில்லை. அந்த ஒரு வார்த்தை மட்டும் வேண்டும்.

பத்திரம் பதியும் நாளன்று திண்டிவனம் ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் வேப்ப மரத்தடியில் எல்லோரும் நின்றோம். அண்ணன், அண்ணி, அம்மா, சாட்சிக்கு வந்த உறவுக்காரர்கள். வளன் வரவில்லை. "உங்க வூட்டு விஷயம், நீயே பாத்துக்க" என்று லோடு ஏற்றும் தன் வேலைக்குப் போய்விட்டார். நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துப் பத்திர எழுத்தரின் பெஞ்சில் வைத்தேன். கறுப்பாக இருந்த திரையில் கிளிப்பைப் போட்டேன்.

அண்ணன் பார்த்தான். "அட, வந்துடுச்சே. சொன்னேன் இல்ல, சரியாயிடும்னு?"

"கிளிப்பு போட்டாதாண்ணா வருது. முன்னாடியே கிளிப்பு போட்ட தடம் இருக்குது."

"ஆமா. நானே அப்பிடித்தான் யூஸ் பண்ணிக்கினு இருந்தேன். நீயும் போட்டுக்கினு யூஸ் பண்ணு. அதுக்கின்னா இப்ப?"

அதுக்கின்னா என்று கேட்டான். முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

"அப்ப ஏன் கழட்டிட்டுக் குடுத்த?"

"சீரு குடுக்கும்போது துணி கிளிப்போடவா குடுப்பாங்க? பாக்கிறவன் இன்னா நெனைப்பான்?"

"தண்ணியாலதான் கெட்டுச்சுன்னு நான் அழுதுக்கினு கெடந்தேனே, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"தண்ணின்னு நான் எங்க சொன்னேன்? நீதான் கத்தின. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். போனில்கூட, தண்ணீர் பட்டால் அப்படித்தான் என்று பொதுவாகத்தான் சொன்னான். தண்ணீரைப் பற்றி ஒரு பொய்கூட அவன் சொல்லவில்லை. என் வாயாலேயே என்னைக் குற்றவாளியாக்கிவிட்டு, அவன் மன்னித்தவனாக நின்றுகொண்டான்.

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். "வுடுடி. கிளிப்புதானே."

அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது. "உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"அவன் அன்னிக்கு சாயந்தரமே சொன்னான்."

"நான் ஒருவேளை சாப்பிட்டுக்கினு கெடந்தது உன் கண்ணு முன்னாடிதானேம்மா. பெரும புடிச்சவன்னு திட்டினியே. சாமிய ஊரே சிரிச்சுதே."

"நீ பொம்பள. ரெண்டு நாள் அழுதா மறந்துடுவ. அவன் ஆம்பள, நாலு பேரு முன்னாடி தல குனியலாமா?" அம்மா தாழ்ந்த குரலில், எனக்கு நல்லது சொல்வது போலவே சொன்னாள். "போ, ஜல்தியாப் போயிக் கையெழுத்துப் போடு. கூப்பிடப் போறாங்க."

உள்ளே எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"நான் போட மாட்டேன்" என்றேன்.

"விளையாடாத எலிசா. காரு வெயிட்டிங்ல நிக்குது."

"போட மாட்டேண்ணா. உன் சீர நீயே எடுத்துக்க. கிளிப்போடவே குடுக்கிறேன். எனக்கு அசிங்கமில்ல."

லேப்டாப்பை மூடாமல் அப்படியே தூக்கி அவன் கையில் வைத்தேன். எரிந்துகொண்டிருந்த திரையை அவன் ஏந்திக்கொண்டு நின்றான். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவளுக்கு முன்னால் பேசினாள். "இவ வூட்ல இனிமே நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று காரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாற்றுப் புடவைகூட எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே சென்னைக்குப் போய்விட்டாள்.

ஒரு பழைய லேப்டாப்புக்காகக் கூடப்பிறந்தவனைத் தெருவில் நிறுத்தியவள் என்று ஊரில் எனக்குப் பெயர் வந்தது. நான் யாரிடமெல்லாமோ கிளிப் கதையைச் சொல்லிப் பார்த்தேன். "கிளிப்பு போட்டா எரியுதில்ல? அப்புறம் இன்னா?" என்று அண்ணன் கேட்டதையே அவர்களும் கேட்டார்கள். லூர்துமேரி அக்கா மட்டும், "இருந்தாலும் தீர்த்தம் பட்ட பொருளத் திருப்பிக் குடுத்திருக்கக் கூடாது" என்றாள். சவுரிராயன் சாமிக்கு மே மாதம் திருவக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊருக்கு மாற்றல் வந்தது. பிரிவு விழாவில்கூட லேப்டாப்பைச் சொல்லிக் கேலி செய்துதான் மாலை போட்டார்கள். அவர் மறுத்து ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கொடுத்த வாக்குக்காகப் பேசவில்லை என்று நினைக்கிறேன்.

பெருமுக்கல் ரோட்டுக் கொல்லையில் என் பங்கு இன்றும் காகிதத்தில் என்னுடையது. அண்ணன் அதைக் குத்தகைக்கு விட்டிருக்கிறான். ஒரு கை மல்லாட்டை என் வீட்டுக்கு வந்ததில்லை. வழக்குப் போடு என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை. மாசிலாமணி அண்ணன் கடையில் அதே மூலையில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா நடுவில் ஒரு தரம் போன் செய்தாள். நன்றாக இருக்கிறாயா என்று கேட்டாள். கால் வலி எப்படியம்மா என்று கேட்டேன். "வலிக்குதுடி. பிடிச்சுவுட யாருக்கு நேரமிருக்குது இங்க?" என்றாள். பிறகு, "வந்து கையெழுத்துப் போட்டுடுடி. நான் உன்னாண்டயே வந்துடுறேன்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் குரல் பக்கத்தில் கேட்டது. போன் வைக்கப்பட்டுவிட்டது.

2013-இல் மழைக்காலத்தில் அம்மா இறந்தாள். திண்டிவனத்தில் அப்பா பக்கத்திலேயே புதைக்கக் கொண்டு வந்தார்கள். எனக்குச் சொன்னது லூர்துமேரி அக்காதான். கல்லறையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று ஒரு பிடி மண் போட்டேன். யாரும் தடுக்கவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

மறுநாள் கடைக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். சூசை மேரி, அம்மாவின் படம். அண்ணன் மகள் ஞானஸ்நானத்தில் எடுத்தது போலிருக்கிறது, சிரித்தபடி இருந்தாள். கீழே, பிரிவால் வாடும் என்று போட்டு, மகன் இருதயராஜ், மருமகள் ஜாக்குலின், பேத்தி பெயர். அவ்வளவுதான்.

எங்கள் கடை எழுத்து அது, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் லீவு போட்ட நாளில் மாசிலாமணி அண்ணனே அடித்திருக்கிறார். உள்ளே போனதும் அவர் என் முகத்தைப் பார்க்காமல், "அவங்க எழுதிக் குடுத்த மேட்டர் அப்பிடித்தாம்மா வந்துது" என்றார். சரிண்ணே என்று என் இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகை காத்திருந்தது. பெண்ணின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று சொந்தங்களின் பெயர் நீளமாக இருந்தது. வரியைக் குறுக்கி, எழுத்தைச் சிறிதாக்கி எல்லாப் பெயரையும் அடக்கிக்கொண்டிருந்தேன். சுவரில் பார்த்ததை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் அடித்தேன். ஆனால் இத்தனை வருஷம் இதே வேலை பார்த்த கண் சும்மா இருக்குமா? அந்த அஞ்சலியில் பேத்தி பெயருக்குக் கீழே இன்னொரு வரிக்குத் தாராளமாக இடம் இருந்தது.